1070: விக்கிரமாதித்தன் ஒரு மாதத்தில் திரும்பாமல் சோழ நாட்டிலேயே தங்கியிருந்தால்?

பொன்னைக்கரை:

வணக்கம். வடஆற்காட்டை நடுவில் வைத்து ஒரு மாற்று வரலாற்றுக் காலவரிசை எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அதையெல்லாம் தயவு பார்க்காமல் சொல்லுங்கள்.

நடந்தது இதுதான். 1070 தொடக்கத்தில் வீரராஜேந்திரன் மறைகிறான், நாட்டில் கலகம் வெடிக்கிறது. அவன் மகளைக் கட்டிய மேலைச் சாளுக்கிய இளவரசன் ஆறாம் விக்கிரமாதித்தன் துங்கபத்திரைக் கரையிலிருந்து படையோடு இறங்குகிறான். காஞ்சியில் கலகக்காரர்களை அடக்கிவிட்டு, கங்கைகொண்ட சோழபுரம் போய் மைத்துனன் அதிராஜேந்திரனை அரியணையில் உட்காரவைக்கிறான். ஒரு மாதம் போலத் தங்கித் திரும்புகிறான். துங்கபத்திரை போய்ச் சேர்ந்த சில நாளில் சேதி வருகிறது: மைத்துனன் கலகத்தில் கொல்லப்பட்டான், வேங்கி நாட்டு இராஜிகன் அரியணை ஏறிவிட்டான். அந்த இராஜிகன்தான் முதலாம் குலோத்துங்கன்.

ஆக, ஒரே அரியணைக்கு வெளியிலிருந்து இரண்டு பேர். நான் மாற்றுவது ஒன்றே ஒன்று: விக்கிரமாதித்தன் ஒரு மாதத்தில் கிளம்பாமல் அந்த ஆண்டு முழுக்கத் தெற்கிலேயே இருக்கிறான். அதிராஜேந்திரன் உயிரோடு இருந்தால் அவனுக்குக் காவல், இறந்தால் அரியணைக்கு நேரடிப் போட்டி.

என் சந்தேகங்கள்: அவ்வளவு நாள் அந்தப் படைக்குத் தீனி கிடைக்குமா? குலோத்துங்கனை எந்த இடத்தில் தடுக்கலாம்? சாளுக்கியத் தலைநகர் கல்யாணியில் இருக்கும் அண்ணன் இரண்டாம் சோமேசுவரன் சும்மா இருப்பானா? போரை ஆற்காட்டுப் பக்கம் கொண்டுவருவது நம்பும்படி இருக்குமா, அல்லது சொந்த ஊர்ப் பாசத்தில் இழுத்துவிடுகிறேனா?

கல்லதர்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இழுக்கவே வேண்டாம், வழி உங்கள் பக்கம்தான் வருகிறது. குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தியில் (கல்வெட்டில் வரும் புகழுரையில்) விக்கலனை அடித்து விரட்டியது "கல்லதர் நங்கிலி" தொடங்கி, மணலூர் வழியாக, துங்கபத்திரை வரை என்று வருகிறது. விக்கலன் என்பது விக்கிரமாதித்தன். நங்கிலி கோலார் மாவட்டத்தில் முளபாகலுக்குக் கிழக்கே, இன்றைய ஆந்திர எல்லையில் இருக்கிறது. மேட்டு நிலம் முடிந்து சித்தூர்ப் பக்கம் இறங்கத் தொடங்கும் இடம். கன்னட நாட்டிலிருந்து காஞ்சிக்கு வரும் படைக்கு அதுதான் வாசல்.

இரண்டாவது, அதிராஜேந்திரனின் 3-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று திருவல்லம் வில்வநாதேசுவரர் கோயிலில் இருக்கிறது. அதே 3-ஆம் ஆண்டில் இன்னொன்று இலங்கையில் பொலன்னறுவையில். தந்தையோடு இளவரசனாகச் சேர்ந்து ஆண்ட காலத்தையும் கூட்டித்தான் அந்த 3 ஆண்டு. தனியாக ஆண்டது வாரக் கணக்குதான். ஆனாலும் காட்பாடிக்குப் பக்கத்தில் ஒரு ஊரிலும் கடல் கடந்த பொலன்னறுவையிலும் அவன் பெயரில் ஆவணம் எழுதியிருக்கிறார்கள். நிர்வாகம் அவனை அரசனாக ஏற்றுத்தான் இருந்தது. உங்கள் காலவரிசையில் அவனை வெறும் பொம்மையாகக் காட்டாதீர்கள்.

மூலங்களை எடைபோடும்போது ஒன்றைக் கவனியுங்கள். துங்கபத்திரையிலிருந்து அரியணை வரை வரும் கதை முழுவதும் பில்ஹணரின் விக்கிரமாங்கதேவ சரிதத்திலிருந்து வருவது. அவர் விக்கிரமாதித்தனின் அவைப்புலவர். நாட்டில் ஒழுங்கு கெட்டுக் கிடந்தது, அபயன் (குலோத்துங்கன்) வந்து சீர் செய்தான் என்று சொல்லும் கலிங்கத்துப்பரணி குலோத்துங்கனின் அவைப்புலவர் செயங்கொண்டார் பாடியது. இரண்டு பேரும் தத்தம் அரசனே வென்றான் என்பார்கள். நிலம் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால்தான் தெளிவு வரும்: குலோத்துங்கன் சோழ அரியணையை இழக்கவில்லை. விக்கிரமாதித்தன் 1076-இல் அண்ணனைச் சிறைப்பிடித்துக் கல்யாணி அரியணையைப் பிடித்தான், தன் பெயரில் புது ஆண்டுக் கணக்கே தொடங்கினான்.

இனி நாள் கணக்கு. குலோத்துங்கன் அரியணை ஏறியதை ஆய்வாளர்கள் 1070 சூன் 9 என்று கணித்திருக்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து துங்கபத்திரை 700 கிலோமீட்டர் என்று வையுங்கள். யானையும் வண்டியும் உள்ள படை நாளுக்கு 15 கிலோமீட்டர் நடந்தால் 47 நாள். குதிரை மாற்றி மாற்றி ஓடும் தூதுவனுக்கு 10 முதல் 12 நாள். போய்ச் சேர்ந்த சில நாளில் சேதி வந்தது என்றால், விக்கிரமாதித்தன் இன்னும் வழியில் இருக்கும்போதே மைத்துனன் இறந்துவிட்டான். பின்னோக்கி எண்ணினால் அவன் தலைநகரை விட்டுக் கிளம்பியது ஏப்ரல் கடைசியில் விழுகிறது, வந்தது மார்ச் கடைசியில். உங்கள் மாற்றத்தை ஏப்ரல் கடைசியில் போடுங்கள். அதற்கு முன்னால் எதையும் தொட வேண்டாம்.

ஏரிமதகு:

தீனிக் கணக்கு நான் போடுகிறேன். இதில்தான் பல மாற்று வரலாறுகள் கவிழ்கின்றன.

கணக்குக்காக 10,000 ஆள், 3,000 குதிரை, 200 யானை என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளைக்கு 700 கிராம் அரிசி என்றால் 7 டன். குதிரைக்கு 3 கிலோ கொள்ளு என்றால் 9 டன். ஆக, தானியம் மட்டும் 16 டன். ஒரு மாட்டு வண்டி அரை டன் இழுக்கும், எனவே நாளுக்கு 32 வண்டி, மாதத்துக்கு 960. யானைக்குப் பச்சைத் தீனி 150 கிலோ வீதம் 30 டன். அதை வண்டியில் கொண்டுவரவே முடியாது, போகிற வழியில் மரத்தையும் கரும்பையும் ஒடித்துத்தான் தின்ன வேண்டும். யானை ஒன்றுக்குத் தண்ணீர் 100 லிட்டருக்குக் குறையாது, வெயிலில் அதற்கும் மேல். வண்டி மாட்டுக்கு வைக்கோல் தனிக் கணக்கு.

ஏப்ரல், மே மாதத்தில் நம் பக்கம் இது எப்படி இருக்கும்? பாலாறு மணல். பொன்னையாறும் மணல்தான், ஊற்று தோண்டினால் ஆளுக்குக் கிடைக்கும், 200 யானைக்குக் கிடைக்காது. ஏரித் தண்ணீரை நம்பித்தான் நடக்க வேண்டும். காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி இரண்டும் பல்லவர் காலத்திலிருந்தே இருக்கின்றன. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரி சித்திரையில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். அந்தக் கடைசித் தண்ணீரைப் படை குடித்தால் ஊருக்கு மாடு பிழைக்காது. பக்கத்து ஊர்க்காரன் எல்லாம் எதிரியாகிவிடுவான். கலகம் அங்கேயே தொடங்கும், அரண்மனையில் இல்லை.

எனவே படையை வடஆற்காட்டில் நிறுத்தாதீர்கள். டெல்டாவில் நிறுத்துங்கள். தைக்குப் பிறகு அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும், வைக்கோற்போர் இருக்கும். 10,000 பேர் நாலைந்து மாதம் ஓட்டலாம். காஞ்சியில் 1,500 குதிரை போதும், நங்கிலிக் கணவாயில் 500 காலாள்.

ஏன் நங்கிலியில் ஆள் வேண்டும் என்றால், அது அவனுக்கு வீட்டுக்குத் திரும்பும் வழி. பலமநேரிலிருந்து மொகிலிக் கணவாய் வழியாகச் சித்தூருக்குள் 350 மீட்டர் போல இறக்கம். பாரம் ஏற்றிய வண்டியை இறக்கும்போது சக்கரத்தில் கட்டையைக் கொடுத்து, பின்னால் வடம் கட்டி நாலைந்து பேர் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு வண்டி அச்சு முறிந்தால் பின்னால் வருகிற நூறு வண்டியும் நின்றுவிடும். ஏறும்போது இரட்டை ஏர் மாடு பூட்ட வேண்டும். மேலே நூறு வில்லாள் உட்கார்ந்திருந்தால் ஒரு படையையே மூன்று நாள் தாமதப்படுத்தலாம். அந்தக் கணவாய் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் விக்கிரமாதித்தனைக் கூண்டில் அடைத்த மாதிரிதான்.

பொன்னைக்கரை:

மிக்க நன்றி அண்ணா, இந்த வண்டிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இனி இரண்டு விஷயம் பாக்கி. சோமேசுவரன் பின்னாலிருந்து அடித்தால் என்ன செய்வது? வேங்கியிலிருந்து குலோத்துங்கன் வந்த வழியை யாராவது விளக்க முடியுமா? வேங்கி என்றால் ஏலூருக்குப் பக்கத்துப் பெதவேகி என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வாடைக்காற்று:

இரண்டுக்கும் விடை ஆற்றில் இருக்கிறது. இதை யாரும் காலவரிசையில் சேர்ப்பதில்லை, எனக்கு வருத்தமே அதுதான்.

பெதவேகியிலிருந்து பெசவாடா (இன்றைய விஜயவாடா), நெல்லூர் வழியாகக் காஞ்சி சுமார் 500 கிலோமீட்டர். துங்கபத்திரைக் கரையிலிருந்து சித்தூர் வழியாகக் காஞ்சியும் ஏறக்குறைய அவ்வளவுதான். தூரத்தில் யாருக்கும் ஆதாயம் இல்லை. ஆனால் குலோத்துங்கன் தெற்கே வர பெசவாடாவில் கிருஷ்ணையைக் கடக்க வேண்டும். மே மாதத்தில் அது இறங்கிக் கடக்கக்கூடிய ஆறு. சூலை வந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை மழை முழுக்க அதில் இறங்கும். செப்டம்பர் வரை யானைப்படை கடக்கிற பேச்சே இல்லை. சூன் 9-இல் முடிசூடியவன் வெள்ளத்துக்கு முன்னால் ஆற்றைக் கடந்துவிட்டான் என்றுதான் பொருள். விக்கிரமாதித்தன் தெற்கில் இருந்தால் மைத்துனன் கொலை மே மாதத்தில் நடக்காது. ஒன்றரை மாதம் தள்ளிப்போனால் போதும், குலோத்துங்கன் கிருஷ்ணைக்கு வடகரையில் மாட்டிக்கொள்வான்.

கடல் வழி? சூன் முதல் செப்டம்பர் வரை நம் கரையில் காற்று தென்மேற்கிலிருந்து வீசும், நீரோட்டம் வடக்கு நோக்கிப் போகும். வேங்கிக் கரையிலிருந்து படை ஏற்றிய மரக்கலங்கள் தெற்கே வருவது எதிர்க்காற்றில் முண்டுவது. ஐப்பசியில் வாடை திரும்பினால் வரலாம், ஆனால் அது புயல் காலம்.

இங்கிலாந்தில் இதற்கு நாலு ஆண்டு முன் நடந்ததைப் பாருங்கள். 1066-இல் நோர்வே அரசன் ஹரால்ட் ஹார்ட்ராடா வடக்கிலும் நார்மண்டி வில்லியம் தெற்கிலும் இறங்கினார்கள். வில்லியம் காற்றுக்காக வாரக்கணக்கில் துறையிலேயே காத்துக் கிடந்தான். அந்தத் தாமதத்தில் நோர்வேக்காரன் முன்னால் வந்து செப்டம்பர் 25-இல் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் செத்தான். வில்லியம் கரையேறியது செப்டம்பர் 28. ஓடிக் களைத்த ஆங்கிலப் படையை அக்டோபர் 14-இல் ஹேஸ்டிங்சில் முடித்தான். முந்தி வந்தவன் அடிபட்டான், பிந்தி வந்தவன் வென்றான். நம் கதையில் முந்தி வந்த விக்கிரமாதித்தன் அடிபடவில்லை, வேலை முடிந்தது என்று நினைத்துக் கிளம்பிவிட்டான்.

சோமேசுவரன் விஷயமும் அதே ஆறுதான். கல்யாணியிலிருந்து தம்பியின் முதுகில் குத்த வருபவன் கிருஷ்ணை, துங்கபத்திரை இரண்டையும் கடக்க வேண்டும். சூலை முதல் செப்டம்பர் வரை இரண்டும் பெருக்கு. ஆகவே தெற்கில் தண்ணீர் இல்லாத கோடையை அடுத்து வரும் அந்த மூன்று மாதம்தான் விக்கிரமாதித்தனுக்கு முதுகு பாதுகாப்பான காலம். தீனி நிறைந்த தை, மாசியில் முதுகு திறந்து கிடக்கும். ஒன்று இருந்தால் ஒன்று இல்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாலாறு, செய்யாறு, தென்பெண்ணை எல்லாம் வரும், டெல்டா சேறாகிவிடும். யாரும் நகர முடியாது. உங்கள் போர் 1071 சனவரியில்தான். அதற்கு முன்னால் வைத்தால் நான் நம்ப மாட்டேன்.

மேல்பாடிச் சாலை:

ஏரிமதகு ஐயா படையை டெல்டாவில் நிறுத்தச் சொன்னார். தீனிக்கு அது சரி, அரசியலுக்கு அது தற்கொலை.

கன்னட அரசன் தமிழ்நாட்டில் நிலைத்து உட்கார்ந்ததற்கு நமக்கு ஒரே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு, அது இங்கேதான் நடந்தது. 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானை மேலேயே கொல்லப்பட்டான். கொன்றது இராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்க அரசன் பூதுகன். வென்ற இராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணன் "கச்சியும் தஞ்சையும் கொண்ட" என்று பட்டம் போட்டுக்கொண்டான். ஆனால் அவன் கல்வெட்டுகள் கிடைப்பது தொண்டை மண்டலத்திலும் நடுநாட்டிலும்தான். காவிரிக் கரையில் அவனால் ஆள முடியவில்லை. 959-இல் அவன் எங்கே பாசறை போட்டு நாடுகளைத் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்? மேல்பாடியில். கர்ஹாட் செப்பேடு அங்கிருந்துதான் வெளியானது. பொன்னையாற்றங்கரை, நங்கிலி வழிக்கு நேர் கீழே, ஆபத்து என்றால் ஐந்தாறு நாளில் மேட்டு நிலம் ஏறிவிடலாம். அவன் முட்டாள் இல்லை.

விக்கிரமாதித்தன் காலத்தில் டெல்டா இன்னும் கடினமானது. ஐம்பது ஆண்டுக்கு மேலாக இரண்டு நாட்டுக்கும் இடையில் இரத்தம் ஓடியிருக்கிறது. சோழன் இராஜாதிராஜன் கல்யாணியைச் சூறையாடி அங்கிருந்து துவாரபாலகர் சிலையைத் தூக்கிவந்து, அதை எழுத்தாகவே பீடத்தில் வெட்டிவைத்தான். 1054-இல் கொப்பத்தில் அவனே யானை மேல் இறந்தான். தம்பி இரண்டாம் இராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிப் போரை வென்றான். அந்தப் போர்களுக்கு மகனை அனுப்பிய ஊர்களில் கன்னடக் குதிரைக்காரன் வந்து வைக்கோல் கேட்டால் என்ன நடக்கும்? கலகத்தை அடக்க வந்த படையே கலகத்துக்குக் காரணமாகும். பில்ஹணர் சொல்லும் ஒரு மாதத்தை நான் அப்படித்தான் படிக்கிறேன். அதற்கு மேல் தங்கினால் மைத்துனனுக்கே கெடுதல் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அதோடு உரிமைக் கணக்கையும் பாருங்கள். குலோத்துங்கனின் தாய் அம்மங்காதேவி முதலாம் இராஜேந்திரனின் மகள். தந்தை இராஜராஜ நரேந்திரனின் தாய் குந்தவை முதலாம் இராஜராஜனின் மகள். மனைவி மதுராந்தகி இரண்டாம் இராஜேந்திரனின் மகள். தொடக்க ஆண்டுக் கல்வெட்டுகளில் அவன் பெயரே இராஜேந்திர சோழன்தான். ஆண்வழி வாரிசு இல்லாமல் போனதும், அதிகாரிகளுக்கு அவன் வெளியான் இல்லை, பேரன். இதற்கு எதிராக விக்கிரமாதித்தனிடம் இருப்பது ஒரு கல்யாணம். அவன் தானே சோழ முடியைச் சூடினான் என்று எழுதினால் படிப்பவர் புத்தகத்தை மூடிவிடுவார். சோழ இளவரசிக்கு ஒரு மகன் பிறந்து அவன் பெயரில் ஆண்டதாக எழுதினால் ஓரளவு நிற்கும், ஆனால் அதற்குள் 1071 வந்துவிடும்.

என் யோசனை: அதிராஜேந்திரன் டெல்டாவில் தன் சொந்தக் காவலோடு இருக்கட்டும். விக்கிரமாதித்தன் மேல்பாடியில் கிருஷ்ணனைப் போலப் பாசறை போடட்டும். திருவல்லத்தில் மைத்துனன் பெயரில் கல்வெட்டு வெட்டுகிற நிர்வாகம் ஏற்கெனவே இருக்கிறது, அதை வைத்து வரி வாங்கி, அவன் படைக்குச் சம்பளம் கொடுக்கலாம்.

ஏரிமதகு:

மேல்பாடி என்றால் சம்மதம், ஆனால் 10,000 பேரோடு முடியாது. பொன்னைக் கரையில் கோடையில் 3,000 ஆள், 800 குதிரை, 30 யானை. தானியம் 4.5 டன், 9 வண்டி. யானைக்கு 4.5 டன் தழை, அதைச் சித்தூர்க் காட்டிலிருந்து எடுக்கலாம். மற்றவர்களைக் கோலார் மேட்டில் நிறுத்துங்கள், அங்கே சூன் மழையில் புல் முளைத்துவிடும். கீழிருந்து சேதி போனால் எட்டு நாளில் இறங்கலாம்.

கிருஷ்ணன் 10 ஆண்டு உட்கார முடிந்ததற்குக் காரணம் முதுகில் எதிரி இல்லாததுதான். இவனுக்கு அண்ணன் இருக்கிறான்.

கல்லதர்:

அப்படியானால் 1071 சனவரி இப்படி விழும். வடக்கே வெள்ளம் வடிந்ததும் குலோத்துங்கன் சோமேசுவரனோடு உடன்படிக்கை போடுவான். பில்ஹணரே அப்படித்தான் சொல்கிறார், எனவே அதை மாற்ற வேண்டாம். குலோத்துங்கன் நெல்லூர் வழியாகக் காஞ்சிக்கு, சோமேசுவரன் துங்கபத்திரை தாண்டிக் கோலாருக்கு. விக்கிரமாதித்தன் நங்கிலியில் நடுவில். மெய்க்கீர்த்தி சொல்லும் நங்கிலிப் போர் உங்கள் காலவரிசையிலும் அதே இடத்தில் நடக்கும், ஆனால் அதிராஜேந்திரன் உயிரோடு, சோழப் படையில் ஒரு பகுதி விக்கிரமாதித்தன் பக்கம். அதுதான் உண்மையான மாற்றம்.

வென்றால் அவன் சோழ நாட்டை ஆளப்போவதில்லை. கல்யாணிக்குத்தான் ஓடுவான், 1076-க்குப் பதில் 1071-லேயே. இதன் பின்விளைவுகளைக் கடைசி வரை கொண்டுபோங்கள். வேங்கியை வீரராஜேந்திரன் 1068 வாக்கில் குலோத்துங்கனின் சித்தப்பன் விசயாதித்தன் கையில் கொடுத்திருந்தான். குலோத்துங்கனுக்குச் சோழ அரியணை இல்லையென்றால் சித்தப்பனோடு வேங்கிக்கே சண்டை போட்டுத் தீர்வான். நடந்த வரலாற்றில் விக்கிரமாதித்தன் வேங்கியைப் பிடித்தது 1118-இல். இங்கே அது 40 ஆண்டு முன்னால் வரும். இலங்கையை விசயபாகு 1070-லேயே மீட்டுக்கொண்டான், அதை அதிராஜேந்திரனாலும் தடுக்க முடியாது.

இன்னொன்று விடுபடக் கூடாது: 1086-இல் குலோத்துங்கன் செய்த நில அளவை, சுங்கம் தவிர்த்தது, 1077-இல் சீனாவுக்குப் போன 72 பேர் தூது, எதுவும் இந்த உலகில் இருக்காது. நில அளவை இல்லாத சோழ நாட்டில் வரி எப்படி வசூலாகும் என்று தனியாக ஒரு அத்தியாயம் எழுதுங்கள். பழைய இராஜராஜன் கால அளவையை வைத்தே ஓட்டுவார்கள். 1001-க்குப் பிறகு உடைந்த ஏரி, புதிதாகத் திருத்திய கழனி எதுவும் கணக்கில் ஏறியிருக்காது. ஊர்ச்சபைகளுக்கு அது கொண்டாட்டம், அரண்மனைக்குத் திண்டாட்டம்.

வாடைக்காற்று:

வரைபடம் போடும்போது எல்லைக்கோட்டைப் பாலாற்றில் போடாதீர்கள். எட்டு மாதம் மணலாய்க் கிடக்கும் ஆறு படையைத் தடுக்காது. மொகிலிக் கணவாய்க்கு மேலே, நங்கிலிக்குக் கிழக்கே போடுங்கள். சித்தூரும் மேல்பாடியும் சோழன் பக்கம், பலமநேர் சாளுக்கியன் பக்கம். கணவாய் மட்டும் ஒவ்வொரு தையிலும் கை மாறும்.